நாய்க்கு டிரெட்மில் வாங்குமுன்: ஈரக்கால் தடம் வைத்து அளவு பார்க்கும் முறை

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரி பறக்கும் சாலையில் நாயை ஓடவிட முடியாது. தோட்டத்துக்குள் விட்டால் உண்ணி, பாம்பு. மலேசியாவில் சுங்கை சிப்பூட் மாதிரி தோட்டப் பட்டணங்களில் போர்ச்சிலேயே டிரெட்மில் போட்டுவிடலாம். ஆனால் எடையைப் பார்த்து வாங்காதீர்கள். '50 கிலோ வரை' என்பது இயந்திரம் தாங்கும் பாரம். நாயின் கால் எட்டும் தூரத்தை அது சொல்லாது.

முதலில் நாயை நேராக நிற்கவைத்து, நெஞ்செலும்பின் முன்முனையிலிருந்து பின்தொடை விளிம்புவரை அளந்துகொள்ளுங்கள். தலையும் வாலும் கணக்கில் வராது.

அடுத்தது எட்டு, அதாவது ஒரே கால் ஒருமுறை பதிந்த இடத்திலிருந்து மறுமுறை பதியும் இடம்வரை உள்ள தூரம். அளவு தவறுவது பெரும்பாலும் இங்கேதான். மெல்லோட்டத்தில் பின்கால், முன்கால் பதிந்த இடத்திலேயே ஏறக்குறைய விழும். வேகம் கூடக் கூட வலது, இடது தடங்களும் நடுக்கோட்டை நெருங்கிவிடும். எந்தத் தடம் எந்தக் காலுடையது என்று தெரியாமல் வலதிலிருந்து இடதுக்கு அளந்தால் பாதி எட்டுதான் கிடைக்கும். அதனால் நான்கு காலையும் நனைக்காதீர்கள். வலது பின்காலை மட்டும் தண்ணீரில் முக்குங்கள். காய்ந்த சிமெண்டுத் தரையில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓட, இன்னொருவர் ஈரம் காயுமுன் வெண்கட்டியால் தடத்தைச் சுற்றி வட்டம் போடவேண்டும். மூன்று இடைவெளிகளை அளந்து சராசரி எடுங்கள்.

கணக்கு இதுதான்: உடல் நீளம் + எட்டில் பாதி + 60 செ.மீ. அந்த 60, நாய் முன்னும் பின்னும் நகர்வதற்கு. குட்டை இன நாய்க்கு 30 போதும். உடல் 70, எட்டு 120 என்றால் பெல்ட் 190 செ.மீ. வேண்டும். எட்டை 60 என்று தவறாக எடுத்தால் 160 என்று வரும். அதில் ஏற்றினால் நாய் எட்டைக் குறுக்கி ஓடும், பின்பாதம் கடைசி உருளையில் இடிக்கும்.

கடை விளம்பரத்தில் போடும் நீளம் பெரும்பாலும் முழு இயந்திரத்தின் நீளம். மோட்டார் மூடியை விட்டுவிட்டு, வெளியே தெரியும் பெல்ட்டை மட்டும் நாடா வைத்து அளக்கவேண்டும். மனிதர் ஓடும் சாதாரண வீட்டு இயந்திரத்தில் பெல்ட் 120, 130 செ.மீ. இருக்கும். சின்ன நாய்க்குப் பழையது ஒன்று வாங்கினாலே தாராளம். அல்சேஷனுக்கு அது வேண்டவே வேண்டாம், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சரி. அகலம் 45 இருந்தால் போதும். கால் பக்கவாட்டில் நழுவாமல் இருபுறமும் பலகை அடியுங்கள்.

வேகம் மணிக்கு 1 கி.மீ. அல்லது அதற்கும் கீழே தொடங்கி, 0.1 வீதம் ஏறவேண்டும். ஒரேயடியாக 1 கி.மீ. கூடும் இயந்திரத்தில் நாய் மிரளும்.

போர்ச்சில் வைக்கும்போது பின்னால் ஒரு மீட்டர் வெற்றிடம் விடுங்கள். சாயங்கால மழைச் சாரல் படாத மூலையாகப் பாருங்கள். மோட்டார் மூடிக்குள் பல்லி குடியேறும், மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டுத் திறந்து பார்க்கவேண்டும். கழுத்துக் கயிற்றை இயந்திரத்தில் கட்டவே கூடாது. நெஞ்சு வாரைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நில்லுங்கள்.

முதல் சில நாள் சுவிட்சே போடவேண்டாம். ஓடாத பெல்ட்டின் மேல் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள். நாய் தானாக ஏறி, சாப்பிட்டு, இறங்கட்டும்.