யு, வி, ஏ, எஸ், டி: ஃபார்முலா தெரிஞ்சும் எங்க மார்க் போகுது?

மாறாத முடுக்கம் (அதாவது வேகம் ஒவ்வொரு செகண்டும் ஒரே அளவுல மாறுறது) வர்ற கணக்குல தப்பு பண்றவங்களுக்கு பெரும்பாலும் ஃபார்முலா நல்லாவே தெரியும். தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வி = யு + ஏடி, எஸ் = யுடி + அரை ஏடி ஸ்கொயர், வி ஸ்கொயர் = யு ஸ்கொயர் + டூ ஏஎஸ்னு மூணையும் கடகடன்னு ஒப்பிச்சுடுவாங்க (யு ஆரம்ப வேகம், வி கடைசி வேகம், ஏ முடுக்கம், எஸ் கெளம்பின எடத்துலேர்ந்து தள்ளி இருக்கிற தூரம், டி நேரம்). அதுல நம்பரைப் போடுறதுக்கு முன்னாடியே கணக்கு கெட்டுப் போயிருக்கும், அதுதான் விஷயம்.

பிரேக் கணக்கையே எடுத்துக்கோங்க. ஒரு கார் செகண்டுக்கு 20 மீட்டர் வேகத்துல போகுது, பிரேக் போட்டதும் அந்த வேகம் ஒவ்வொரு செகண்டுக்கும் 5 குறையுது, பிரேக் போட்டு 6 செகண்டுல எவ்ளோ தூரம் போயிருக்கும்? எஸ் ஃபார்முலாவுல டி-க்கு 6 போட்டா 120-ல 90 போக 30 மீட்டர்னு வரும், முழு நம்பரா வர்றதால யாருக்கும் சந்தேகமே வராது. ஆனா கார் 4 செகண்டுலயே நின்னாச்சு, அதுக்குள்ள 40 மீட்டர் ஓடியாச்சு. ஃபார்முலாவுக்கு பிரேக்குன்னா என்னன்னு எப்படித் தெரியும்? மைனஸ் 5 முடுக்கம் இன்னும் இருக்குன்னு நெனச்சு மிச்சம் 2 செகண்டுக்கு காரை 10 மீட்டர் ரிவர்ஸ்ல ஓட்டிடுது. அதனால பிரேக்னு பாத்தாலே மொதல்ல நிக்கிற நேரத்தைக் கண்டுபிடிங்க, அப்புறம் மத்ததெல்லாம்.

முடுக்கம் நடுவுல மாறுற கணக்கும் இதே ரகம்தான். ஒரு பைக் நின்ன எடத்துலேர்ந்து 2 முடுக்கத்துல 10 செகண்ட் போகுது, அப்புறம் 4 வேகத் தணிப்புல நிக்குதுன்னா, ரெண்டையும் சேர்த்து ஒரே சமன்பாட்டுல அடைக்க முடியாது, தனித்தனியாதான் போடணும். மொத பாதியோட கடைசி வேகம் 20, அதுதான் ரெண்டாவது பாதிக்கு யு. தூரம் 100-ம் 50-ம், ஆக 150 மீட்டர். காத்துத் தடையோட இறங்குற பாராசூட், ஸ்பிரிங்ல ஆடுற எடை, இதுக்கெல்லாம் முடுக்கம் நொடிக்கு நொடி மாறும், அங்க இந்த மூணு ஃபார்முலாவுக்கும் வேலையே கிடையாது.

அடுத்தது ப்ளஸ் மைனஸ், என்னைக் கேட்டா அதிகமா மார்க் போறது இங்கதான். 25 மீட்டர் உயர கோபுரத்து மேலேர்ந்து ஒரு பந்தை 20 வேகத்துல மேல்நோக்கி எறியுறோம், தரைக்கு எப்போ வரும்? ஜி-ய, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தை, 10னு வச்சுக்கலாம். மேல்பக்கம் ப்ளஸ்னு முடிவு பண்ணிட்டா யு ப்ளஸ் 20, ஏ மைனஸ் 10, எஸ் மைனஸ் 25, ஏன்னா பந்து கெளம்பின எடத்துக்குக் கீழ வந்து முடியுது. போட்டா டி 5 அல்லது மைனஸ் 1னு வரும், விடை 5 செகண்ட். இதுல எஸ்-ஐ மட்டும் ப்ளஸ் 25னு போட்டுட்டா ரூட்டுக்குள்ள மைனஸ் வந்து கால்குலேட்டர் எரர் காட்டும், காட்டத்தான் செய்யும், ஏன்னா அந்தப் பந்து மேல போறதே மொத்தம் 20 மீட்டர்தான், 25-ஐ எப்படித் தொடும்! எல்லாத்தையும் ப்ளஸ்னு போட்டா இன்னும் மோசம், 1 செகண்ட்னு நல்ல பிள்ளையாட்டம் ஒரு விடை வரும், ஆனா அது பந்தைக் கீழ்நோக்கி எறிஞ்சவனோட விடை. திசைய எப்படி வேணா வச்சுக்கோங்க, கணக்கு முடியுற வரைக்கும் மாத்தாதீங்க, அவ்ளோதான்.

"விடப்பட்டது"ன்னு கேள்வியில வந்தா உடனே யு ஜீரோன்னு எழுதுறது இன்னொரு பழக்கம். மேல ஏறிட்டு இருக்கிற பலூன்லேர்ந்து கல்லை விட்டா அந்த நொடியில கல்லுக்கும் பலூனோட வேகம்தான். பலூன் 10 வேகத்துல ஏறுது, உயரம் 75 மீட்டர்னா கல்லு தரைக்கு வர 5 செகண்ட் ஆகும், யு ஜீரோன்னு போட்டா 4 செகண்டுகூட வராது. இதே மாதிரி தரையில விழுந்ததும் நின்னுடும்ல, அப்போ வி ஜீரோன்னு போடுறாங்க. வி-ங்கறது தரையத் தொடுறதுக்கு சட்டுனு முன்னாடி இருக்கிற வேகம். சும்மா விட்ட கல்லுக்கு யு-வும் ஜீரோ வி-யும் ஜீரோன்னா எஸ்-ஸும் ஜீரோதான் வரும், கல்லு விழவே இல்லன்னு அர்த்தம். அப்புறம் மேல எறிஞ்ச பந்துக்கு உச்சியில வேகம் ஜீரோ, சரி, முடுக்கம் அங்கயும் அதே 10 தான், அது ஜீரோ ஆச்சுன்னா பந்து அந்தரத்துலயே நிக்கணும்.

தூரத்தை நேரத்தால வகுத்துட்டு அதுதான் கடைசி வேகம்னு எழுதறதும் உண்டு. நின்ன எடத்துலேர்ந்து கெளம்பி 10 செகண்டுல 100 மீட்டர் போச்சுன்னா 10-ங்கறது சராசரி, கடைசி வேகம் 20. யூனிட் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், மணிக்கு 72 கிலோமீட்டர்னா 5/18 ஆல பெருக்கி 20 ஆக்கிட்டுதான் உள்ளயே போகணும்.

"5 செகண்டுல"ன்னு கேட்டதும் "5-வது செகண்டுல"ன்னு கேட்டதும் ஒண்ணு இல்ல. நின்ன எடத்துலேர்ந்து 2 முடுக்கத்துல கெளம்பினா 5 செகண்டுல 25 மீட்டர், 5-வது செகண்டுல மட்டும்னா 25-ல மொத 4 செகண்டோட 16 போக 9 மீட்டர்தான். அதுக்குன்னு தனி ஃபார்முலா இருக்கு, அதை மனப்பாடம் பண்றதவிட இப்படிக் கழிச்சுக்கிறதே எனக்கு சுலபமாப் படுது. ஒவ்வொரு செகண்டுக்கும் தனித்தனியா எழுதிப் பாருங்க, 1, 3, 5, 7, 9னு ஒத்தப்படையா வரும், கலிலியோ கவனிச்சு எழுதி வச்சதும் இந்த வரிசையைத்தான்.