பழைய மரச்செதுக்குப் படத்திலிருந்து கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை செய்வது எப்படி

மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்த முதல் கிறிஸ்துமஸ் அட்டையைக் கையில் வாங்கிய அத்தை, "என்னம்மா, அந்த ஊர்லயும் புகைமூட்டமா?" என்று கேட்டார்.

படத்தில் இருந்தது பனி. ஒரு கிராமத்துத் தேவாலய வாசல், விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடுகிற நாலைந்து பேர், அவர்கள் காலடியில் கணுக்கால் வரைக்கும் பனி. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மரச்செதுக்குப் படம். இணையத்தில் கிடைத்ததை அப்படியே இறக்கி அப்படியே அச்சுக் கடைக்கு அனுப்பிவிட்டேன். பழுத்த தாளின் மஞ்சள், கருப்பு வெள்ளை இயந்திரத்தில் சாம்பலாக விழுந்து, பனியெல்லாம் செப்டம்பர் மாதத்து சிங்கப்பூர் வானம் மாதிரி ஆகிவிட்டது. ஐம்பது அட்டை வேறு அடித்திருந்தேன்.

தப்பு கடைக்காரர் மேல் இல்லை. இந்தப் படங்கள் எப்படி உருவாயின என்று தெரியாமல் கை வைத்ததுதான் தப்பு. அதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் தானாக விளங்கிவிடும், அதனால் முதலில் அது.

சாதாரண மரக்கட்டை அச்சில் மரத்தை நீளவாக்கில் அறுத்த பலகையில் செதுக்குவார்கள். நாம் பேசுகிற வகைக்கு மரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தில் செதுக்குவார்கள். பாக்ஸ்வுட் என்கிற மரம்; கல் மாதிரி இறுகியது, நார் குறுக்கே வராது, அதனால் செம்புத் தகட்டில் வேலை செய்கிற கூர்முனை உளியாலேயே மயிரிழைக் கோடு போட முடியும். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த தாமஸ் பீவிக் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இதைப் பெரிய கலையாகவே ஆக்கிக் காட்டினார். உளி பட்ட இடமெல்லாம் வெள்ளை, தொடாமல் விட்ட இடம் கருப்பு. பனியைக் காட்ட வேண்டுமென்றால் அந்த இடத்தை முழுசாகத் தோண்டி எடுத்துவிடுவார்கள், அங்கே மையே படாது. நீங்கள் பனி என்று பார்ப்பது வெறும் தாள். அந்தத் தாளைச் சாம்பலாக்கினால் அத்தை கேட்கத்தான் செய்வார்.

இன்னொரு சங்கதி: கட்டையின் உயரம் ஈய எழுத்தின் உயரத்தோடு ஒத்துப்போகும், எனவே படமும் எழுத்தும் ஒரே அச்சில் சேர்ந்து ஓடும். 1842இல் தொடங்கிய இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், 1857இல் நியூயார்க்கில் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் வீக்லி மாதிரியான வாரப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போட்டதற்கு இதுதான் காரணம். டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் சிறப்பிதழ். நமக்கு வேண்டிய புதையல் அங்கேதான் இருக்கிறது.

சரி, எங்கே தேடுவது? காசு செலவில்லாமல் வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்கைவ், விக்கிமீடியா காமன்ஸ் இரண்டும் போதும். பிரிட்டிஷ் நூலகம் 2013இல் பழைய புத்தகங்களிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃப்ளிக்கரில் எந்தத் தடையும் இல்லாமல் போட்டது. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகத்தில் உரிமை விலக்கிய படங்களைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் பத்திரிகைகளுக்கு வரைந்தவை அங்கே நிறைய உண்டு. காப்புரிமை பற்றிப் பயப்பட வேண்டாம், சிங்கப்பூர்ச் சட்டப்படி படைத்தவர் இறந்து 70 வருஷம் வரைதான். ஹோமர் இறந்தது 1910இல், தாமஸ் நாஸ்ட் 1902இல்.

நாஸ்ட் யார் என்கிறீர்களா? இன்று ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒவ்வொரு கடைவாசலிலும் நிற்கிற தொந்தி வைத்த, வெள்ளைத் தாடி சாண்டாவின் உருவத்துக்குப் பெரும்பங்கு அவருடையது. 1863 ஜனவரி 3 தேதியிட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லியில், உள்நாட்டுப் போர் முகாமில் சாண்டா சிப்பாய்களுக்குப் பரிசு கொடுக்கிற மாதிரி வரைந்தார், சட்டையிலேயே அமெரிக்கக் கொடியின் நட்சத்திரமும் கோடும். எல்லோருக்கும் தெரிந்த, கை நிறைய பொம்மையும் நீளமான சுங்கானும் வைத்திருக்கிற சாண்டா 1881 ஜனவரி 1 இதழில் வந்தது.

கிறிஸ்துமஸ் மரத்துக்கும் இப்படி ஒரு படம் இருக்கிறது. 1848 டிசம்பரில் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ், வின்ட்சர் அரண்மனையில் விக்டோரியா ராணியும் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்பதைப் போட்டது. மேசை மேல் மரம், கிளையெல்லாம் மெழுகுவத்தி, உச்சியில் ஒரு தேவதை. இரண்டு வருஷம் கழித்து அமெரிக்காவில் கோடீஸ் லேடீஸ் புக் என்கிற பெண்கள் பத்திரிகை அதே படத்தை எடுத்து, ராணியின் கிரீடத்தையும் ஆல்பர்ட்டின் மீசையையும் நீக்கிவிட்டு, சாதாரண அமெரிக்கக் குடும்பமாக்கி வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஃபோட்டோஷாப் எல்லாம் நேற்று வந்த விஷயம்.

அசல் தாளே வேண்டும் என்றால் அதுவும் கிடைக்கும். பழைய இதழ்களைப் பிரித்து ஒற்றைத் தாளாக விற்கிறார்கள், பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வரும். 400 வெள்ளிக்குக் கீழே என்றாலும் பதிவுசெய்த வெளிநாட்டு விற்பனைத் தளங்கள் 9% ஜிஎஸ்டி சேர்க்கும், விலை பார்க்கும்போதே அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். "1870, அசல் மரச்செதுக்கு" என்று ஒருவர் விற்றதை வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன், வந்தது ஏதோ பிற்காலப் புத்தகத்தின் பக்கம். பத்து மடங்கு பெரிதாக்குகிற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்ப்பாரே, அதேதான். சாம்பல் நிறமாகத் தெரிகிற ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள். வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது புகைப்பட முறையில் வந்த புள்ளியச்சு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரச்செதுக்கைத் தொழிலை விட்டே ஓட்டிய சங்கதி. மரச்செதுக்கில் புள்ளி வலை இருக்காது, கோடுகள் இருக்கும். ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது நடுவில் தடித்து முனையில் ஊசியாக மெலியும், உளி உள்ளே இறங்கி மேலே எழும்பின தடம் அது. இருட்டான இடங்களில், இரவு வானத்திலோ மேலங்கி மடிப்பிலோ, கருப்பின் மேல் வெள்ளைக் கோடு ஓடுவது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

தாளின் ஓரத்தில் செவ்வகமாக அமுங்கின தடம் இருந்தால் அது செம்பு அல்லது எஃகுத் தகட்டு அச்சு. மரச்செதுக்கில் அது வராது. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பத்திரிகைத் தாள் என்றால் ஏதாவது செய்தியோ கட்டுரையோ அச்சாகியிருக்கும். பின்பக்கம் காலியாக, தாள் புதுசாக வழவழவென்று இருந்தால் விலையைத் திரும்ப யோசியுங்கள். வண்ணம் பூசியிருந்தால், பத்திரிகையில் அது கருப்பு வெள்ளையாகத்தான் வந்திருக்கும், பிற்பாடு யாரோ விற்பனைக்காகப் பூசியது. பிழையென்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்குப் பிடிக்காது.

முழுப்பக்கப் படமாக இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்து, மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் மெல்லிய வெள்ளை இழை ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். பாக்ஸ்வுட் அடிமரம் ஒல்லியானது, ஒரு கட்டை சில அங்குலத்துக்கு மேல் தேறாது. அதனால் பல கட்டைகளை இறுக்கிச் சேர்த்துதான் பெரிய படம். அவசரமென்றால் அதைப் பிரித்து ஆளுக்கொரு துண்டாகக் கொடுத்துச் செதுக்கச் சொல்வார்கள், கடைசியில் தலைமைச் செதுக்காளர் ஒட்டுகிற இடத்தைச் சரிபண்ணுவார். சரியாகச் சேராத இடத்தில் அந்த வெள்ளை இழை. விற்கிறவர் அதைக் கீறல் என்று சொல்லி விலை குறைத்தால் சத்தம் போடாமல் வாங்கிவிடுங்கள்.

முதல் கிறிஸ்துமஸ் அட்டை என்று ஹென்றி கோல் என்கிற ஆங்கிலேயருக்காக ஓவியர் ஹார்ஸ்லி 1843இல் வரைந்ததைக் காட்டி, அதையும் மரச்செதுக்கு என்று சிலர் சொல்கிறார்கள். அது கல்லச்சு, கையால் வண்ணம் பூசியது. அதே வருஷம் வந்த டிக்கன்ஸின் கிறிஸ்துமஸ் கதையில் ஜான் லீச் படங்கள் எட்டு, அதில் நான்குதான் மரச்செதுக்கு, வண்ணத்தில் இருக்கிற நான்கும் தகட்டில் அமிலம் வைத்து எடுத்தவை.

எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் இஷ்டம், ஆனால் பெறுகிறவரை மனதில் வையுங்கள். மிசில்டோ கொத்துக்குக் கீழே முத்தம் கொடுக்கிற படம் அந்தக் காலத்தில் ஏராளம், பெரியப்பாவுக்கு அனுப்பினால் என்ன ஆகுமோ. பன்றித்தலையைத் தட்டில் ஏந்தி வருகிற விருந்துப் படமும் எல்லா வீட்டுக்கும் போகாது. குடும்பமே ஆளுக்கொரு கை புட்டிங் மாவைக் கிளறுகிற படம் எல்லோருக்கும் பிடிக்கும். சுஜி கேக்குக்கு வெண்ணெய் அடித்துக் கை ஓய்ந்த வீட்டில் அதை விளக்கவே வேண்டாம். எங்கள் தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான் எப்போதும் பனியில் நின்று பாடுகிற படம்தான் போடுவேன். வீவக அடுக்குமாடி வீடுகளில் மின்தூக்கிக்குக் காத்திருந்து வியர்வையோடு கேரல் பாடுகிறவர்களுக்கு அது ஒரு சின்னக் கிண்டல்.

இப்போது வேலை. அசல் தாளென்றால் 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள், கருப்பு வெள்ளைப் படமாயிற்றே என்று கிரேஸ்கேல் போடாதீர்கள். காரணம் இருக்கிறது. கிம்ப் என்கிற படத் திருத்த மென்பொருள் இலவசம், அதில் படத்தைத் திறந்து சிவப்பு சேனலை மட்டும் தனியாக எடுங்கள். மஞ்சளித்த தாளும் பழுப்புப் புள்ளிகளும் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அந்தச் சேனலில் கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும், கருப்பு மை கருப்பாகவே நிற்கும். முக்கால்வாசி அழுக்கு இந்த ஒரே அடியில் போய்விடும். முதன்முதலில் செய்தபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்புறம் லெவல்ஸ், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் சரிசெய்கிற கருவி. வெள்ளை முனையைத் தாளின் நிறத்துக்கும், கருப்பு முனையை மையின் நிறத்துக்கும் நகர்த்துங்கள். ரொம்ப இழுத்தால் மெல்லிய கோடுகள் அறுந்து, முகமெல்லாம் பல் விழுந்த சீப்பு மாதிரி ஆகும். முகத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கன்னத்துக் கோடுகள் எந்த இடத்தில் அறுகின்றன என்று பார்த்து, அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள். பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால், ஸ்கேன் எடுக்கும்போதே தாளுக்குப் பின்னால் ஒரு கருப்பு அட்டையை வையுங்கள், பாதி மறைந்துவிடும்.

அளவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அந்தப் பத்திரிகைகளின் பக்கம் ஏறக்குறைய 16க்கு 11 அங்குலம். அதை ஏ6 அட்டைக்குள் சுருக்கினால் மூன்றில் ஒரு பங்கு ஆகும், நெருங்கின கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மறுபடியும் புகைமூட்டம். முழுப்படத்தை மறந்துவிட்டு ஒரு மூலையை வெட்டி எடுங்கள். வின்ட்சர் படத்தில் உச்சித் தேவதையும் இரண்டு வரிசை மெழுகுவத்தியும் போதும். சென்ட்ரல் பார்க்கில் பெண்கள் சறுக்கி விளையாடுகிற ஹோமரின் 1860 படம் இரண்டு பக்க அகலம், அதிலிருந்து நாலு அட்டைக்கு ஆள் தேறும். அசல் அளவிலேயே அச்சிட்டால் செதுக்கின கோடு செதுக்கினபடி வரும்.

வெட்டி எடுத்ததை 1200 டிபிஐக்கு உயர்த்தி, அப்புறம் திரெஷோல்ட் கொடுத்து முழுக் கருப்பு, முழு வெள்ளை ஆக்குங்கள். சாம்பல் துளி மிச்சமிருந்தால் லேசர் இயந்திரம் அதைப் புள்ளியாக்கிக் கோட்டின் ஓரத்தைப் பிசிறடிக்கும். ஜேபெக்காகச் சேமிக்க வேண்டாம், கோட்டைச் சுற்றிக் கொசு மொய்த்த மாதிரி அழுக்கு சேரும். டிஃப் அல்லது பிடிஎஃப்.

தாளுக்கு நான் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போவேன். 250 கிராம் எடை, பளபளப்பு இல்லாத வெள்ளை அல்லது வெளிர் தந்த நிறம். பழமையாகத் தெரியட்டும் என்று பழுப்பு கிராஃப்ட் தாளைத் தேடிப் போகாதீர்கள். பனி எதனால் ஆனது என்று மேலே சொன்னேனே. அச்சுக் கடையில் மூன்று விஷயம் வாய்திறந்து சொல்லுங்கள்: கருப்பு மை மட்டும், நூறு சதவீத அளவு, பக்கத்துக்கு ஏற்பச் சுருக்க வேண்டாம். முதல் பிரதியை எடுத்து உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு மற்றதை ஓடவிடச் சொல்லுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. ஏ5 தாளை நடுவில் மடித்தால் ஏ6 அட்டை. மடிப்பதற்கு முன்னால் எழுதாத பேனா முனையால் அடிக்கோல் வைத்து ஒரு கோடு அழுத்தினால் மடிப்பு உடையாது.

அசல் தாளை என்ன செய்வது? இந்த ஊர் ஈரப்பதத்தில் அதைச் சும்மா அலமாரியில் போட்டால் ஒரு வருஷத்தில் பழுப்புப் புள்ளியும், ஓரத்தில் இராமபாணப் பூச்சி அரித்த சித்திரமும்தான் மிஞ்சும். லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத அட்டைக்கு நடுவில் வைத்து, வீட்டில் கேமராவுக்கு உலர்பெட்டி இருந்தால் அதன் அடித்தட்டில் 50% ஈரப்பதத்தில் படுக்கவையுங்கள். சட்டம் போட்டு மாட்டுவதாக இருந்தால் கண்ணாடி தாளைத் தொடக்கூடாது, வெயில் விழுகிற சுவரும் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, தீபாவளிப் பலகாரப் பாத்திரத்தைக் கழுவி வைத்ததும் நான் ஸ்கேனரைத் திறந்துவிடுவேன். ஊருக்குப் போகிற அட்டைகளை நவம்பர் கடைசிக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். மதுரையில் இருக்கிற சித்திக்கு ஒரு தடவை அட்டை பொங்கலன்றுதான் போய்ச் சேர்ந்தது, அவர் அதைக் கரும்புக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார்.