பட்டாலையில் குட்டி ரயில்: தண்டவாளம் வாங்குவதும் போடுவதும்

குட்டி ரயில் ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இன்ஜினைத்தான் பார்க்கிறார்கள். காசைத் தண்டவாளத்தில் போடுங்கள் என்பேன் நான். இன்ஜினுக்கு மின்சாரம் போவதே அதன் வழியாகத்தான்.

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் பட்டாலை, அதாவது கூடம், நீளமாக இருப்பதால் ஹெச்ஓ (HO) என்ற மாதிரி ரயில் அளவே போதும். நிஜ ரயிலில் 87-இல் ஒரு பங்கு (1:87), இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 16.5 மி.மீ. நம் அகலப் பாதையைக் கணக்குப்படி சுருக்கினால் 19 மி.மீ.க்கு மேல் வரும். ஆனால் இந்திய வண்டிகளின் மாதிரிகளும் பெரும்பாலும் 16.5-இல்தான் ஓடுகின்றன. இப்போது ஓடும் நீளமான எல்ஹெச்பி (LHB) வகை ரயில் பெட்டி ஒன்று இந்த அளவில் சுமார் 27 செ.மீ. நீளம். ரயில் செட்டோடு வரும் 18 அங்குல ஆர வளைவில் அது திணறும். 26 அங்குலமாவது வையுங்கள்.

உலோகத்தில் சிக்கனம் வேண்டாம். எஃகு, மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். பித்தளையில் படியும் களிம்பு மின்சாரத்தை மறிக்கும், தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்துவிடும். நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) வாங்குங்கள். தண்டவாள உயரத்தைச் சொல்லும் எண்ணில் கோடு (code) 100 என்றால் 2.5 மி.மீ., கோடு 83 என்றால் 2.1 மி.மீ. பார்வைக்கு 83 அழகு. பழைய, ஆழமான சக்கர விளிம்புள்ள வண்டிகள் இருந்தால் 100-தான் சரி.

பிள்ளைகள் ஆத்தங்குடிக் கல் தரையில் போட்டு எடுப்பதற்கு, அடியில் பிளாஸ்டிக் மேடை சேர்ந்தே வரும் துண்டுகள் நல்லது. வெறும் தண்டவாளத்தைத் தரையில் வைத்தால் தூசியும் தலைமுடியும் இன்ஜின் பல்சக்கரத்துக்குள் போய்விடும். நிரந்தரமாகப் போடுவதென்றால் பிளைவுட் பலகை, மேலே கார்க் ஷீட், அதன்மேல் வளைத்துப் போடும் மூன்றடி தண்டவாளம். பலகையின் கால்களுக்குக் கரையான் மருந்து அடித்துவிடுங்கள்.

வளைவில்தான் வேலை இருக்கிறது. வளைக்கும்போது உள்பக்கத் தண்டவாளம் நுனியில் நீண்டு வெளியே வரும். அதைச் சின்ன ரம்பத்தால் அறுத்து, பிசிறை அரம் போட்டு எடுங்கள். வளைவுக்கு நடுவே இணைப்பு வந்தால், இரண்டு துண்டையும் நேராக வைத்து ஈயம் பற்றவைத்துவிட்டு அப்புறம் வளையுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் முட்டிபோல் மடங்கி நிற்கும். ஈயத்தை வெளிப்பக்கம் மட்டும் வையுங்கள், உள்பக்கம் சக்கர விளிம்பு ஓடும் வழி. ஈரத்துணியை இருபுறமும் வைத்தால் பிளாஸ்டிக் கட்டைகள் உருகாது. பற்றவைத்ததும் நகத்தால் இணைப்பின்மேல் தடவுங்கள். நகம் தட்டினால் சக்கரமும் தட்டும்.

நேர்ப்பாதையில் எல்லா இணைப்பையும் பற்றவைக்காதீர்கள். மார்கழிக் குளிரில் போட்டது சித்திரை வெயிலில் நீளும், பலகையும் ஈரத்துக்கு அசையும். அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மின்சாரத்துக்கு இணைப்பை நம்பாமல், மூன்றடிக்கு ஒரு ஜோடி வயர் கீழிருந்து கொடுங்கள்.

ஜல்லி ஒட்டுவதற்கு முன் நீளமான பெட்டிகளைக் கோர்த்து, இன்ஜினால் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். முன்னால் ஓடும்போது தெரியாத கோணல் தள்ளும்போது தெரிந்துவிடும், முக்கியமாகத் தடம் பிரியும் பாயிண்டில். ஒரே இடத்தில் இரண்டு முறை தடம்புரண்டால் அந்தத் துண்டைக் கழற்றி மறுபடி போடுங்கள்.