சபையா சேர்ந்து உதவி செய்யப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் வேண்டாம்

டிசம்பர்ல கிறிஸ்துமஸ் வந்துட்டா எல்லா சர்ச் சபைக்கும் ஏழைங்க ஞாபகம் வந்துரும். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் எந்த சேகரத்தை, அதாவது ஒரு போதகர் பொறுப்புல இருக்கற சபைகளை, எடுத்தாலும் வீடு வீடா பாடிப் போற கீத பவனி ஒரு பக்கம், சேலை வேட்டி வாங்க வசூல் ஒரு பக்கம்னு ஓடும். நல்லதுதான், குத்தம் சொல்ல வரல. ஆனா பிள்ளைங்க இல்லம் நடத்துறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, மத்தியானம் ஒரு சபை பிரியாணி, சாயங்காலம் கேக்கு, ராத்திரி வேற சபை பிரியாணின்னு பிள்ளைங்களுக்கு வயிறு கெட்டுப் போறதுதான் மிச்சம்பாங்க, அதே இல்லத்துக்கு ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது ஷூ, நோட்டு வாங்கித் தர ஆள் இருக்காது. டிசம்பர் வசூல்ல பாதியை அப்படியே பேங்க்ல விட்டுட்டு ஜூன்ல எடுங்க. அப்புறம், போறதுக்கு முன்னாடி அந்த இல்லம் 2015 சிறார் நீதிச் சட்டத்துல பதிவாகியிருக்கான்னு கேளுங்க. சர்டிபிகேட் காட்டத் தயங்குனா அங்க போகாதீங்க, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுல விசாரிச்சா விவரம் தெரிஞ்சிரும்.

அடுத்தது பெரிய தப்பு, என்னைக் கேட்டா மத்த தப்புல பாதி இதுல இருந்துதான் வருது. நம்மகிட்ட என்ன மிச்சம் இருக்கோ அதைக் கொடுக்கறது, அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்காமலே. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரமா பழைய துணி குவிஞ்சு கிடந்தது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். கிழிஞ்சது, சாயம் போனது, அந்த ஊர் வெக்கைக்கு ஆகாத ஸ்வெட்டர்னு லாரி லாரியா வந்து இறங்குச்சு, மீனவ ஜனங்க அதைத் தொடல, கடைசில அதை அள்ளிப் போடறதே அரசாங்கத்துக்குத் தனி வேலை ஆகிப்போச்சு. அப்புறம் படகு. படகு கொடுத்தா பக்கவாட்டுல நம்ம பேரை பெயிண்ட்ல எழுதலாம்ல, அதனால ஆளாளுக்கு ஃபைபர் படகு கொடுத்தாங்க, சில ஊர்ல சுனாமிக்கு முன்னாடி இருந்ததை விட படகு ஜாஸ்தி ஆச்சு, சிலது தரமும் இல்ல. ஆனா அதே குப்பத்துல கூடையில மீன் வித்த பொம்பளைங்க, அடுத்தவன் படகுல கூலிக்குப் போனவங்க, உப்பளத்துல வேலை பார்த்தவங்க இவங்களைக் கவனிக்க ரொம்ப நாள் ஆச்சு.

2023 டிசம்பர் மழை நம்ம மாவட்டத்துலயே நடந்தது. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர். மெயின் ரோட்டோர ஊருக்கெல்லாம் ரொட்டியும் தண்ணி பாட்டிலும் மாத்தி மாத்தி வந்து இறங்கும், ரோடு அறுந்து போன உள் கிராமத்துக்கு வண்டி போகாது, வெள்ளம்னா எப்பவும் இதே கதைதான். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல ஒருத்தருக்கு போன் போடுங்க. உபதேசியார் (ஊர்ச் சபையைப் பாத்துக்கற ஊழியர்), ரேஷன் கடைக்காரர், வி.ஏ.ஓ., யாரா இருந்தாலும் சரி. ரெண்டாவது நாள் சாப்பாடு கேப்பாங்க, பத்தாவது நாள் பாய், பக்கெட், பிளீச்சிங் பவுடர், அடுப்பு கேப்பாங்க, ஒரு மாசம் கழிச்சு வாழைத் தோட்டத்துல கூலி வேலை இல்லைன்னுவாங்க. நம்ம ஆளுங்க ரெண்டாவது நாளோட முடிச்சிட்டு போட்டோ எடுத்துட்டு வந்துருவோம்.

போட்டோன்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். அஞ்சு கிலோ அரிசிப் பையை எட்டு பேர் பிடிச்சுக்கிட்டு நிக்க, வாங்கற பாட்டியம்மா தலை குனிஞ்சு நிக்கற படம் எத்தனை வாட்ஸ்அப் குரூப்ல பாத்துட்டோம், வலது கை செய்யறது இடது கைக்குத் தெரியக் கூடாதுன்னு வாசிக்கறது நம்ம சபையிலதானே. இல்லத்துப் பிள்ளைங்க முகம் தெரியற படமும் போடாதீங்க, அந்தப் பிள்ளைங்க யாருன்னு வெளிய தெரியற மாதிரி எதுவும் போடறது சட்டப்படியே தப்பு. கணக்கு காட்டணும்னா பில்லைப் படம் எடுங்க.

அரிசிப் பைக்குள்ள இயேசுவைப் பத்தின கைப்பிரதி (துண்டுத் தாள்) வைக்கறதும் வேண்டாம். இதை சொன்னா சிலருக்குக் கோவம் வரும். நம்ம விசுவாசத்தைப் பத்தி சாட்சி சொல்றது வேற, பசியில நிக்கறவன் கையைக் கட்டிப் போட்டு சொல்றது வேற. பேரிடர் உதவியை மதத்துக்காகப் பயன்படுத்தக் கூடாதுன்னு 1994ல வந்த செஞ்சிலுவை நடத்தை விதியில இருக்கு, அதைக் கொண்டு வந்தவங்கள்ல உலகத் திருச்சபைகள் மாமன்றமும் கத்தோலிக்க உதவி அமைப்பான காரிதாஸும் உண்டு, அதனால இது சபைக்கு விரோதமானவங்க கிளப்பி விட்ட பேச்சு கிடையாது.

இன்னொண்ணு, ஐயர் (சபைப் போதகர்) மாறினா திட்டமும் மாறிடறது. ஒரு பிள்ளைக்கு நர்சிங் காலேஜ் ஃபீஸ் கட்டறோம்னு ஆரம்பிப்பாங்க, ரெண்டாவது வருஷம் ஐயருக்கு டிரான்ஸ்ஃபர், புது சேகர கமிட்டிக்கு வேற ஆசை, கோபுரத்துக்கு லைட் போடணும்பாங்க. அந்தப் பிள்ளை நடுவுல நிக்கும். படிப்பு முடியற வரைக்கும் உள்ள பணம் கையில வந்த பிறகு வாக்கு கொடுங்க, கமிட்டி மினிட்ஸ்லயும் எழுதி வைங்க.

இப்ப வெளிநாட்டு விஷயம், இங்கதான் நல்ல மனசோட போய் கேஸ்ல மாட்டிக்கறது. அமெரிக்காவுல இருக்கற நம்ம ஊர் அண்ணன் சபை அக்கவுண்டுக்குப் பணம் அனுப்பறார்னு வைங்க. அவர் இன்னும் இந்தியக் குடிமகன்னா, சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பினா பிரச்சனை இல்ல. அந்த நாட்டு சிட்டிசன் ஆயிட்டார்னா, இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கற ஓ.சி.ஐ. கார்டு வச்சிருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ.ங்கற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல பதிவோ முன் அனுமதியோ இல்லாம வாங்கவே கூடாது. பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சுல திறந்த கணக்குலதான் முதல்ல வாங்கணும், வாங்கினதை வேற அமைப்புக்கு மாத்தி விடவும் முடியாது. பக்கத்து சபைகிட்ட பதிவு இருக்கு, அவங்க வழியா வாங்கிக்கலாம்னு யாராவது ஐடியா சொன்னா கேக்காதீங்க.

இங்க இருந்து அனுப்பறதும் அவ்வளவு லேசு இல்ல. 2022ல இலங்கையில அரிசிக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வந்தப்ப, தமிழ்நாடு அரசே சட்டசபையில தீர்மானம் போட்டு மத்திய அரசு அனுமதி வாங்கித்தான் மே மாசம் கப்பல்ல அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்புச்சு. அப்படி இருக்க நாம பெட்டி கட்டி அனுப்பினா கஸ்டம்ஸ்ல கிடக்கும். சபை டிரஸ்ட் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப தனி அனுமதி வேணும், வருமான வரிச் சலுகையும் தானா கிடைக்காது, ஆடிட்டரைக் கேக்காம கை வைக்காதீங்க. தனி ஆளா அனுப்பறவங்களுக்கு ரிசர்வ் வங்கி வழி வச்சிருக்கு. எப்படி அனுப்பினாலும் பொருளா அனுப்பாம அங்க இருக்கற சபையைக் கேட்டு, நுவரெலியாவோ யாழ்ப்பாணமோ, அந்த ஊர்க் கடையிலயே வாங்க வைங்க. அந்தக் கடைக்காரரும் கஷ்டத்துலதானே இருக்கார்.

ஆனா கடல் தாண்டித்தான் போகணும்னு இல்ல. திருநெல்வேலி பக்கத்துலயே கங்கைகொண்டான், கோபாலசமுத்திரம் முகாம்கள்ல இலங்கைத் தமிழர் குடும்பங்க வருஷக் கணக்கா இருக்காங்க, அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைங்களும் இருக்கு. அகதிகள் முகாம்ங்கறதை 2021ல மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தினாங்க, குடியுரிமைதான் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கு. வெளிநாட்டு ஊழியத்துக்குக் காணிக்கை எடுக்கற நிறைய சபை இந்த முகாம் வாசலைக் கூட மிதிச்சது கிடையாது. போறதா இருந்தா திடீர்னு வேன்ல போய் இறங்கிடாதீங்க, வெளி ஆளுங்க உள்ள போக அதிகாரிகள் அனுமதி வேணும், முன்கூட்டியே எழுதிக் கொடுங்க. பிரியாணியோட போகாம காலேஜ் அட்மிஷன் நேரமாப் பாத்துப் போங்க, யார் யாருக்கு எவ்வளவு ஃபீஸ் குறையுதுன்னு முகாம் தலைவர்கிட்ட முதல்ல கேட்டுக்கிட்டு.