தேன் பூச்சு மீன்: இனிப்பு கடைசியில்தான்

தேன், சோயா சாஸ் கலவையில் மீனை ஊறவைக்காதீர்கள். மீன் வெந்தபிறகு, கடைசி ஒன்றரை நிமிடத்தில் தவாவில் ஊற்றுங்கள். தேனில் உள்ள சர்க்கரை 110 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். காய்ந்த தவா அதைவிட வெகு சூடு. அதனால்தான் ஊறவைத்த மீன் வெளியே கருகி, முள்ளருகே பச்சையாக நிற்கிறது. ஈரமான மீன் தவாவில் ஒட்டவும் செய்யும்.

முக்கால் அங்குல வஞ்சிரத் துண்டு இரண்டை ஈரம் போகத் துடைத்து, மிளகுத்தூள் மட்டும் தடவுங்கள் (உப்பு வேண்டாம், சோயாவே போதும்). 2 டீஸ்பூன் எண்ணெயில், மிதமான தீயில் 4 நிமிடம் அசைக்காமல் விட்டுத் திருப்பி, இன்னும் 3 நிமிடம். தீயைக் குறைத்து, சோயா 2 டீஸ்பூன், தேன் 1 டீஸ்பூன், தட்டிய பூண்டு ஒரு பல், தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன் கலந்து ஊற்றி, மீன்மேல் அள்ளி அள்ளி விடுங்கள். சிறு குமிழிகள் பெரிதாகி, சாறு கரண்டியின் முதுகில் ஒட்டியதும் அடுப்பை அணைத்து, எலுமிச்சை பிழியுங்கள்.

மத்தி, நெத்திலிக்கு இது சரிவராது. அள்ளி விடும்போதே உடைந்துவிடும். ஏர் ஃபிரையர் என்றால் கடைசி 3 நிமிடத்தில், தண்ணீர் சேர்க்காமல் பிரஷ்ஷால் தடவலாம்.