திறன் மிகுந்த காரை எல்பிஜிக்கு மாற்றுவது எப்படி

எல்பிஜி பொருத்தினால் காரின் இழுவை போய்விடும் என்ற எண்ணம் பரவலாக இருப்பதற்குப் காற்றுப் பாதையிலேயே வாயுவைக் கலக்கும் பழைய மிக்சர் முறையே முக்கியக் காரணம். காற்று வரும் வழியை அது நெருக்கிவிடும். சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர் வீதம் வாயுவைச் செலுத்தும் சீக்வென்ஷியல் முறையை அளவறிந்து பொருத்தினால், இழப்பு சில சதவீதத்தோடு நின்றுவிடும். எல்பிஜியின் முக்கியக் கூறான புரொப்பேனின் ஆக்டேன் எண் 105-க்கும் மேல் என்பதால் நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது) எளிதில் வராது. உயர் கம்ப்ரஷன் எஞ்சினுக்கும் டர்போ எஞ்சினுக்கும் இது உண்மையிலேயே ஏற்ற எரிபொருள். இருந்தும் பல மாற்றங்கள் சொதப்பிவிடுவது, சாதாரணக் குடும்பக் காருக்கான கிட்டை 300 குதிரைத்திறன் எஞ்சினில் மாட்டிவிடுவதால்தான். ஐடிலில் சீராக ஓடுவதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. முழு த்ராட்டிலில், உச்ச ஆர்பிஎம்மில் எவ்வளவு வாயு தேவைப்படும் என்பதைக் கொண்டே ஒவ்வொரு பாகத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எஞ்சினைப் பெட்ரோலிலேயே சோதித்துக்கொள்ளுங்கள். வாயுக் கலவையைப் பற்றவைக்கக் கூடுதல் மின்னழுத்தம் தேவை. பெட்ரோலில் ஒளிந்திருந்த இக்னிஷன் காயில் கோளாறு எல்பிஜியில் மிஸ்ஃபயராக வெளிப்பட்டுவிடும். புதிய ஸ்பார்க் பிளக்குகளைப் போட்டு, அவற்றின் இடைவெளியைச் சற்றே குறைத்துவிடுங்கள். வால்வு சீட் (வால்வு மூடும்போது அமரும் வளையம்) மென்மையானதா, கடினப்படுத்தப்பட்டதா என்பதையும் அந்த எஞ்சினை நன்கறிந்த மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம். டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் என்றால் அதற்கென்றே உருவாக்கப்பட்ட கிட் வேண்டும். பெட்ரோல் இன்ஜெக்டரின் முனையைக் குளிர்விக்க, பெரும்பாலான கிட்கள் சிறிதளவு பெட்ரோலையும் தொடர்ந்து செலுத்துகின்றன.

அடுத்தது ரெடியூசர் (டேங்க்கிலிருந்து வரும் திரவ எல்பிஜியை வாயுவாக்கி அழுத்தத்தைக் குறைக்கும் பாகம்), என் பார்வையில் இந்த வேலையின் உயிர்நாடி இதுவே. 300 குதிரைத்திறனை எட்டும் எஞ்சின் முழுச்சுமையில் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோ எல்பிஜி என்ற வேகத்தில் குடிக்கும். அவ்வளவு திரவத்தையும் ஆவியாக்க 6 கிலோவாட் அளவுக்கு வெப்பம் தேவை. அது முழுவதும் ரெடியூசருக்குள் சுழலும் எஞ்சின் கூலன்ட்டிலிருந்தே வர வேண்டும். எனவே எஞ்சினின் திறனைவிடக் கூடுதல் வரம்புள்ள ரெடியூசரை, அல்லது இரண்டு ரெடியூசர்களைப் பொருத்தி, அகன்ற கூலன்ட் குழாய்களை இணையுங்கள். டர்போ எஞ்சினில், ரெடியூசரின் அழுத்தக் குழாயை இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்த் தொகுதி) இணைத்தாக வேண்டும்; பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறும்போது வாயுவின் அழுத்தமும் கூடவே ஏறினால்தான் இன்ஜெக்டரால் சரியான அளவைச் செலுத்த முடியும்.

இன்ஜெக்டர் நாசில் (வாயு வெளிவரும் துளைமுனை) விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. 6,000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக் சுழற்சி ஒன்று 20 மில்லிவினாடியில் முடிந்துவிடும். நாசில் சிறியதாக இருந்து, தேவையான திறப்பு நேரம் அந்த 20-ஐத் தொட்டுவிட்டால், இன்ஜெக்டர் மூடவே நேரமின்றித் திறந்தே கிடக்கும். கலவை மெலிந்து, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். மிகப் பெரிய நாசிலோ ஐடிலைக் குலைக்கும். நாசில்களை இன்டேக் வால்வுக்கு இயன்றவரை அருகில், சம நீளமுள்ள குட்டைக் குழாய்களோடு பொருத்துங்கள்.

ட்யூனிங்கைப் பொது சாலையில் செய்யாமல் டைனோவில் (நின்ற இடத்திலேயே காரை ஓட்டித் திறனை அளக்கும் கருவி) செய்யுங்கள். முழுச்சுமையில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பொதுவாக ஃபியூயல் ட்ரிம்மைக் (சென்சார் அளவீட்டுக்கேற்ப எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) கொண்டு கலவையைத் திருத்துவதில்லை என்பதால், கலவையின் விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் கட்டாயம் வேண்டும். அதன் அளவீட்டை லாம்ப்டாவில் (உள்ள கலவையை அந்தந்த எரிபொருளுக்குரிய சரியான காற்று விகிதத்தோடு ஒப்பிடும் எண்) படியுங்கள். பெட்ரோலின் சரியான காற்று விகிதம் 14.7 என்றால், புரொப்பேனுக்கு அது சுமார் 15.7. அதே ஓட்டத்தில் மென்பொருள் காட்டும் வாயு அழுத்தத்தையும் பதிவு செய்யுங்கள். ஆர்பிஎம் ஏற ஏற அழுத்தம் சரிந்துகொண்டே போனால், மேப்பை (எவ்வளவு வாயு செலுத்துவது என்று மென்பொருளில் உள்ள அட்டவணை) திருத்திப் பயனில்லை. ரெடியூசர், ஃபில்டர், டேங்க்கிலிருந்து வரும் குழாய் ஆகியவற்றில் ஏதோ ஒன்று போதாமல் இருக்கிறது.

டேங்க்கையும் உயர் அழுத்தக் குழாய்களையும் சான்று பெற்ற பொருத்துநர்தான் கையாள வேண்டும். ஈசிஇ ஆர்67 தரச்சான்று (வாகன எல்பிஜி பாகங்களுக்கான சர்வதேச விதி), 80 சதவீதத்தில் நிரப்புதலை நிறுத்தும் வால்வு, பாதுகாப்பு வால்வு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால், டிக்கிக்குள் உள்ள டேங்க்கின் வால்வுப் பெட்டியிலிருந்து காருக்கு வெளியே செல்லும் காற்றுக்குழாய் இருந்தே தீர வேண்டும்.

முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பிறகு இணைப்புகளில் கசிவு உள்ளதா என்று பார்த்து, மேப்பையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வால்வு இடைவெளியை ஷிம் எனும் மெல்லிய தகடு கொண்டு சரிசெய்யும் எஞ்சினாக இருந்தால், மாற்றத்துக்கு முன்பே அந்த அளவைக் குறித்து வைத்து, ஒவ்வொரு சர்வீஸிலும் ஒப்பிடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி தொடர்ந்து குறைந்துவந்தால் சீட் தேய்கிறது என்று பொருள், வால்வு கருகுவதற்கு முன்பே சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிவிட வேண்டும்.