மலையகத்து வீட்டில் வெளிநாட்டு மாணவர்: அந்த ஒரு வாரத்துக்கு எப்படி ஆயத்தமாவது

மாணவர் பரிமாற்றம் என்றதும் நம் பிள்ளைகள் வெளிநாடு போகும் வாரத்துக்குக் கூட்டம் மேல் கூட்டம் போடுகிறோம். அந்தப் பிள்ளைகள் இங்கே வந்து நம் வீடுகளில் தங்கும் வாரத்துக்கு ஒரு கூட்டமும் நடப்பதில்லை. "நாங்க பாத்துக்குவோம் சேர்" என்று அம்மாமார் சொல்லிவிட, ஆசிரியர்களும் நம்பிவிடுகிறார்கள். பார்த்துக்கொள்வார்கள்தான், ஆனால் அளவுக்கு மீறிப் பார்த்துக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. கடன் வாங்கிப் புது மெத்தை வருகிறது, வீட்டார் எல்லோரும் குசினியில் படுக்கிறார்கள், மூன்று வேளையும் ஐந்து கறி. நான்காம் நாள் வீட்டார் களைத்துப்போகிறார்கள். விருந்தாளிப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறது.

வருகிற பிள்ளைக்கு அவசியம் வேண்டியவை ஐந்து: காய்ந்த படுக்கை, கொதித்தாறிய தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, நாளைக்கு என்ன நடக்கும் என்ற தகவல், "வேண்டாம்" என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளும் வீடு. மற்றதெல்லாம் உங்கள் வழக்கமான வாழ்க்கையாக இருக்கட்டும். அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

மாதமும் அனுமதியும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் என்றால் பெப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். மே கடைசியில் தொடங்கும் தென்மேல் பருவமழை ஜூலை, ஆகஸ்டிலும் அந்தச் சரிவுகளை விடாது. ஐரோப்பியப் பாடசாலைகளுக்கோ பெரிய விடுமுறை அப்போதுதான். அந்த மாதங்களில்தான் வர முடியும் என்றால் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றோடு சேர்ந்து நடத்துங்கள். நடுமலைத்தொடர் மழையை மேற்கிலேயே பிடித்துக்கொள்வதால் ஊவாவில் அப்போது காய்ந்த காற்றுத்தான் வீசும். ஒக்டோபர், நவம்பர் வேண்டவே வேண்டாம், மண்சரிவுக் காலம். ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும், வேன் வாடகை கட்டுப்படியாகாது.

அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனைக்கு எழுத்தில் அறிவிப்பதை மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். வீடு தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தால் தோட்ட நிர்வாகத்திடமும் கடிதம் கொடுத்து, கையொப்பமிட்ட பிரதியை வேன் சாரதியிடம் கொடுத்துவிடுங்கள். இரவு ஒரு மணிக்குக் கேற்றில் காவலாளி வாகனத்தை மறித்தால் தொரையை (தோட்ட முகாமையாளரை) எழுப்ப முடியாது. கிராம உத்தியோகத்தருக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், தங்கும் வீடு, வரும் திகதி, போகும் திகதி எழுதி ஒவ்வொரு கடிதம். கடவுச்சீட்டை வீட்டார் வாங்கி வைக்கக் கூடாது. அது பிள்ளையிடமே இருக்கட்டும், பிரதி ஆசிரியரிடம்.

எந்த வீடு

வீடு பெரிதா, சுவர் பூசியிருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை. ஆசிரியர்கள் இருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டியது வேறு. பின்னேரம் நான்கு மணிக்கு மேல் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாரா? தாயும் தகப்பனும் மலைக்கு, அதாவது தேயிலை வேலைக்கு, போகும் வீட்டில் இந்தக் கேள்வி முக்கியம். மலசலகூடம் வெளியே என்றால் எத்தனை அடி, வழியில் வெளிச்சம் உண்டா? குடித்துவிட்டுச் சத்தம் போடுபவர் யாராவது உண்டா? இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

விருந்தாளி, பெரியவர்கள் தூங்கும் அறையில் தூங்கக் கூடாது. ஒரே காம்பராவும் (அறை) இஸ்தோப்பும் (முன் திண்ணை) மட்டும் உள்ள லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இது நடக்காத காரியம். அதற்காக அந்தக் குடும்பத்தை ஒதுக்கிவிடாதீர்கள். பகல் முழுதும் அந்த வீட்டில் இருந்து, சாப்பிட்டு, இரவு வேறொரு வீட்டில் தூங்கும்படி இரண்டு குடும்பங்களை இணைத்துவிடலாம். ஒரு வீட்டுக்கு ஒரே பாலினத்தவர் இருவர் என்று அனுப்புவது நல்லது. தனியாக வரும் பிள்ளை இரண்டாம் இரவே வீட்டு நினைவில் அழத் தொடங்கும், மொழி தெரிந்த துணை பக்கத்தில் இருந்தால் தாங்கிக்கொள்ளும். எல்லா வீடுகளும் ஒன்றுக்கொன்று அரை மணி நேர நடைக்குள் இருக்கட்டும்.

இலங்கை என்றால் கடற்கரையும் வெயிலும் என்று நினைத்து ரீசேட்டோடு வந்து இறங்குவார்கள். நுவரெலியாவில் இரவு வெப்பநிலை 10 பாகை வரைக்கும் இறங்கும், ஜனவரியில் துகள் பனி விழும் நாளும் உண்டு. ஆறு வாரம் முன்பே எழுதி அனுப்புங்கள்: தடித்த ஸ்வெட்டர் ஒன்று, மழைக்கோட், மூடிய சப்பாத்து, ஏழு நாளுக்கும் உள்ளாடை. மூடுபனி நாளில் துவைத்த துணி காய மூன்று நாள் எடுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உருண்டை முள் பிளக் பொருத்திகளும் இங்கே உண்டு, சதுர முள்ளும் உண்டு. உங்கள் வீட்டில் உள்ளதைப் படம் எடுத்து அனுப்பினால் சரியான அடப்டரோடு வருவார்கள்.

ஒருவருக்கு இரண்டு கம்பளி வேண்டும். மெத்தையை முதல் நாள் வெயிலில் போடுங்கள், வெயில் இல்லையென்றால் அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி வையுங்கள். ஈரம் ஏறிய மெத்தையில் எத்தனை கம்பளி போர்த்தினாலும் குளிர் விடாது. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: தணல் சட்டியைத் தூங்கும் அறைக்குள் வைத்துக் கதவை மூடாதீர்கள். தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

குளிக்க: 20 லீற்றர் வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர் 14 லீற்றர், பிறகு கொதித்த தண்ணீர் 6 லீற்றர். இந்த வரிசை மாறக் கூடாது. சுடுதண்ணீரை முதலில் ஊற்றிவைத்தால் தெரியாமல் கை வைத்துப் பொள்ளிக்கொள்வார்கள். கோப்பையால் மொண்டு ஊற்றிக் குளிப்பதை உடுப்போடு ஒருமுறை நடித்துக் காட்டுங்கள். மலசலகூடத்தில் கடதாசிச் சுருள் இரண்டும் மூடியுள்ள வாளி ஒன்றும் வையுங்கள், கடதாசியைக் குழிக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று முதல் நாளே சொல்லுங்கள். இரவில் வெளியே போக டோர்ச் ஒன்று, துணைக்கு வீட்டுப் பிள்ளை ஒருவர். தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் தோட்டங்களில் இது கட்டாயம்.

தண்ணீரும் சாப்பாடும்

ஊற்றுத் தண்ணீர் நமக்குப் பழகியது, அவர்கள் வயிற்றுக்குப் புதியது. மழைக்குப் பிறகு கலங்கி வந்தால் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடித்து, குமிழி பொங்கி ஒரு நிமிடம் முழுதாகக் கொதிக்க விடுங்கள். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும், ஆனால் பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். மூடியோடு ஆற வைத்து, மூடியுள்ள போத்தலில் ஊற்றுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2 லீற்றர் குடிக்க, அரை லீற்றர் பல் துலக்க. பல் துலக்கும் தண்ணீரைத்தான் எல்லா வீட்டிலும் மறந்துவிடுகிறார்கள்.

உறைப்பு: முதல் இரண்டு நாளைக்குக் கறியை இரண்டு சட்டியாகப் பிரித்துவிடுங்கள். மிளகாய்த் தூள் போடாத உருளைக்கிழங்குப் பால்கறி, பருப்பு, அவித்த முட்டை, தேங்காய் ரொட்டி, வாழைப்பழம் இருந்தால் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். கட்டசம்பலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், ஆசைப்பட்டவர் நுனியில் தொட்டுப் பார்க்கட்டும்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர், மீன் ஒவ்வாதவர் என்று படிவத்தில் எழுதியிருந்தால் சம்பலில் இடிக்கும் மாசிக் கருவாட்டை நினைவில் வையுங்கள். நமக்கு அது உப்பு மாதிரி, மீன் என்றே தோன்றாது. கடலை, எள்ளு, நல்லெண்ணெய்க்கும் இதே கவனம். ஒவ்வாமைக்கு ஊசி கொண்டுவரும் பிள்ளையின் ஊசி எந்தப் பையில் இருக்கிறது, எப்படிப் போடுவது என்பதை வீட்டில் இருவர் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம் எல்லா வீட்டிலும் வரும். பல நாடுகளில் தட்டில் மிச்சம் வைப்பது மரியாதைக் குறைவு, அதனால் பிள்ளை கஷ்டப்பட்டு முடிக்கும். நம் வீட்டில் தட்டு காலியானால் போடாமல் விடுவது மரியாதைக் குறைவு, அதனால் அம்மா இன்னொரு கரண்டி போடுவார். இது முடிவே இல்லாமல் போகும். முதல் சாப்பாட்டுக்கு முன்பே "போதும்" என்ற சொல்லையும் தட்டுக்கு மேல் கையை விரித்து மறிப்பதையும் கற்றுக்கொடுங்கள். அப்படி மறித்தால் ஒருமுறைதான் கேட்க வேண்டும் என்று அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைத் தனியாகக் கொடுங்கள்.

இருவருக்கு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வேண்டியது ஏறக்குறைய இவ்வளவு: அரிசி 3 கிலோ, கோதுமை மா 2 கிலோ, பருப்பு 1 கிலோ, முட்டை 20, பால்மா 400 கிராம் பக்கெட் ஒன்று, தேங்காய் 6. வயிற்றோட்டம் வந்தால் கொடுக்க ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள் நான்கு பக்கெட் (ஒரு பக்கெட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றர், குறைத்துக் கரைக்கக் கூடாது). இதற்கான பணத்தையும் விறகு, காஸ் செலவையும் பாடசாலை முன்கூட்டியே, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகையாகக் கொடுக்க வேண்டும். வசதியுள்ள வீடு "எங்களுக்கு வேண்டாம்" என்று சொன்னாலும் கொடுங்கள். ஒரு வீடு மறுத்தால் அடுத்த வீடு வாங்கக் கூச்சப்படும்.

முதல் இரவு

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து நுவரெலியாவுக்கு வேனில் ஐந்து, ஆறு மணி நேரம். கினிகத்தேனை வழியாக வந்தாலும் றம்பொடை வழியாக வந்தாலும் வளைவுகள் வயிற்றைக் கலக்கிவிடும். கடதாசிப் பைகள், இஞ்சி பிஸ்கட், தண்ணீர் கையில் இருக்கட்டும், வாந்தி வருபவரை முன் ஆசனத்தில் இருத்துங்கள். வந்து சேர்ந்ததும் விருந்து வேண்டாம். பாணும் பிளேன்டீயும் கொடுத்து, மலசலகூடத்தைக் காட்டி, வந்துவிட்டதாக அவர்கள் வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொல்லித் தூங்க விடுங்கள். அக்கம்பக்கத்தார் அடுத்த நாள் பின்னேரம் வந்து பார்க்கட்டும். லயத்தில் எல்லோரும் மாமா, அத்தை, பெரியம்மா என்று தெரிந்துகொண்டால் அந்தப் பிள்ளைக்குப் பெயர் மறந்த சங்கடம் தீர்ந்துவிடும்.

மலைக்குள் போகும்போது

அட்டை கடித்தால் அதைப் பிடித்து இழுக்காதீர்கள். வாய்ப்பக்கத்து மெல்லிய முனையில் நகத்தை வைத்துத் தோலோடு ஒட்டி வழித்தால் விட்டுவிடும், பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். இரத்தம் நேரமெடுத்து நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை. நாய் கடித்தால், கீறினாலும்கூட, ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தோடு 15 நிமிடம் கழுவி உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள்.

குளவிக்கு நிஜமாகவே பயப்பட வேண்டும். கூடு உள்ள மலை எது என்று கொழுந்தெடுக்கும் அக்காமாருக்குத் தெரியும், அவர்களைக் கேட்காமல் எந்த மலைக்கும் கூட்டிப்போகாதீர்கள். வாசனைத் திரவியம் பூச வேண்டாம். கலைந்து வந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது கட்டடத்துக்குள் புகுந்து கதவைச் சாத்த வேண்டும், கையை வீசி அடிக்கக் கூடாது. பத்துக் கொட்டுக்கு மேல் என்றாலோ, ஒரே கொட்டுக்கு உதடு வீங்கி மூச்சுத் திணறினாலோ 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

மழை விடாமல் பெய்தால் நேர்ச்சுவர் உள்ள போத்தலை வெளியே வைத்து அடிமட்டத்தால் அளவெடுங்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் பையைக் கட்டி ஆயத்தம், 150 என்றால், அல்லது ஒரே மணி நேரத்தில் 75 என்றால், சரிவிலுள்ள வீட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். சுவரில் புது வெடிப்பு, திடீரென்று கலங்கிய ஊற்று இருந்தால் அளவுக்கே காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலைய இலக்கம் 117, சிறுவர் உதவிக்கு 1929. இந்த இலக்கங்களை எழுதிய அட்டை ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப்பையிலும் இருக்கட்டும்.

லயத்தைக் காட்டுவது

சில பாடசாலைகள் விருந்தாளிகளை லயத்துப் பக்கமே விடுவதில்லை. சில பாடசாலைகள் லயத்தைக் காட்சிப்பொருளாக்கிவிடுகின்றன. இரண்டும் வீட்டுப் பிள்ளையைத்தான் காயப்படுத்தும். வழி எளிது: வீட்டுப் பிள்ளையே கூட்டிப்போகட்டும், அவர் சொல்லும் வரை கமெரா வெளியே வரக் கூடாது, ஆட்களின் முகத்தை அவர்களைக் கேட்டபிறகுதான் எடுக்க வேண்டும். வீடு இருக்கும் இடம் தெரியும்படி முகநூலில் எதையும் போட வேண்டாம், இரு தரப்பும்தான்.

"நீங்கள் எப்படி இங்கே வந்தீர்கள்?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நம் பிள்ளை மூன்று நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு மாதம் முன்பிருந்தே வகுப்பில் பழக்குங்கள். தமிழகத்திலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியே மாத்தளைக்கு நடந்தது, முதலில் கோப்பி, பிறகு 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை, 1948இல் பறிபோன குடியுரிமை, 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் பிரிந்த குடும்பங்கள், குடியுரிமை தந்த 2003 சட்டம். இதில் தன் பாட்டி, தாத்தா எங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதை விருந்தாளி மறக்க மாட்டார்.

ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) கூட்டிப்போக ஞாயிறும் திங்களும் வேண்டாம். ஞாயிறு கொழுந்து எடுக்காத தோட்டத்தில் திங்கள் காலை இயந்திரம் ஓடாது, வெறும் தளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வாட்டும் தட்டு, உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு, சல்லடை என்ற வரிசையில் போங்கள். முன்னதாக ஒரு கிலோ கொழுந்தை அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்ற கணக்கு அப்போது கையில் தெரியும். ரயில் பயணம் வைத்தால் மழைக்குப் பிறகு பாதை திறந்திருக்கிறதா என்று நிலையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கதவில் தொங்கிப் படமெடுக்க யாரையும் விடாதீர்கள், சுரங்கச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் வரும்.

ஒரு நாள் முழுதும் ஒன்றும் வைக்காமல் விடுங்கள். வெங்காயம் உரிக்கட்டும், தேங்காய் திருவட்டும், தம்பியோடு கிரிக்கெட் விளையாடட்டும். தட்டுக் கழுவ வந்தால் தடுக்க வேண்டாம்.

புறப்படும்போது

பரிசு பற்றி இரு பாடசாலைகளும் முன்பே பேசி ஒரு வரம்பு வைத்திருக்க வேண்டும். பணம், கைப்பேசி கூடாது. நம் பக்கத்திலிருந்து முத்திரை பிரிக்காத தேயிலைப் பக்கெட் இரண்டு போதும். வீட்டில் செய்த அச்சாறு, கருவாடு அவர்கள் நாட்டுச் சுங்கத்தில் பறிபோகும். ஈரத் துணியைத் தனிப் பையில் கட்டிக் கொடுங்கள். மழைக் காலமென்றால் விமானத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே மலையிலிருந்து இறங்குங்கள். பாதையில் ஒரு மரம் விழுந்தாலே மூன்று மணி நேரம் போய்விடும்.

அவர்கள் போன மூன்று நாளுக்குள் ஆசிரியர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய் அம்மாவிடம் தனியாகக் கேட்க வேண்டியவை: கொடுத்த பணம் போதுமானதாக இருந்ததா, எந்தக் கறி மிஞ்சியது, எந்த இரவு தூக்கம் கெட்டது, அடுத்த முறை கேட்டால் சம்மதிப்பாரா. பதில்களை ஒரு கொப்பியில் எழுதி அதிபரின் அலுமாரியில் வையுங்கள். அடுத்த முறை பொறுப்பேற்கும் ஆசிரியர் அதிலிருந்து தொடங்கட்டும்.